உப்புப் பொட்டலமும் கராத்தே பரீட்சையும்

பிள்ளை பெற்ற எல்லோருக்கும் ஒரு வியாதி உண்டு. பிள்ளையிடம் யாராவது "உங்க பேரென்ன?" என்று கேட்டால் பதில் நம் வாயிலிருந்து வரும். "எத்தனையாம் வகுப்பு?" என்றால் அதற்கும் நாம்தான். "சாப்பிட்டீங்களா?" என்றால், அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி, "இப்பதாங்க சாப்பிட்டா, இனி ஒண்ணும் வேணாம்" என்போம். எனக்கு இந்த வியாதி கொஞ்சம் முற்றிய நிலை. காரணம் என் தொழில். றக்வானப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் நான். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். நாள் முழுக்க வாய் பேசாத ஜனங்களோடுதான் என் குடித்தனம். "பசிக்குதாம்", "காது வலிக்குதாம்", "அந்தப் பொம்மை வேணாமாம்" என்று அவர்களுக்காகப் பேசிப் பேசி, பேசத் தெரிந்தவர்களுக்காகவும் பேசுகிற பழக்கம் வந்துவிட்டது. (பழக்கம் இல்லை, பிறவிக்குணம் என்பது என் வீட்டுக்காரரின் கட்சி.)

என் மகள் டிலுக்ஷிக்கு அப்போது ஒன்பது வயது. பேச்சு வராத பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் அவளும் அவள் அப்பாவும் குசுகுசுவென்று பேசி, எதற்கென்று சொல்லாமல் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டு வாசலைத் தாண்டினால் அந்தச் சத்தம் தொண்டையோடு நின்றுவிடும். வகுப்பில் விடை தெரிந்தாலும் சொல்ல மாட்டாள். யாராவது அவள் கொப்பியை எடுத்துக்கொண்டால் அவர்களாகத் திருப்பித் தரும்வரை காத்திருப்பாள்.

அதெல்லாம் போகட்டும் என்று இருந்திருக்கலாம். பஸ்தான் விடவில்லை.

அவள் டவுனில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போய் வந்தாள். அந்த பஸ்ஸின் மணிக்கயிறு எப்போதோ அறுந்துபோய், கட்டுவார் இல்லாமல் கிடந்தது. இறங்குகிறவர்கள் "பஹினவா!" என்று சத்தம் போட வேண்டும். சிங்களத்தில் 'இறங்கப் போறேன்' என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் தமிழர், சிங்களவர், முஸ்லிம் ஆட்கள் எல்லோருமே பஸ்ஸை நிறுத்த அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வோம். டிலுக்ஷிக்கு சிங்களம் என்னைவிட நன்றாக வரும். ஆனால் அந்த வார்த்தை வராது. எங்கள் சந்தியில் வேறு யாராவது இறங்கினால் அவர்களோடு சேர்ந்து இறங்குவாள். இல்லாவிட்டால் அடுத்த சந்திவரை போய், அங்கே இறங்குகிறவர்களோடு இறங்கி, நடந்து வருவாள்.

ஒரு மழை நாளில் நான் குடையோடு சந்தியில் நிற்கிறேன். பஸ் வந்தது. நிற்காமல் என் கண் முன்னாலேயே போனது. ஜன்னலில் என் பிள்ளையின் முகம் தெரிந்தது. வாய் திறந்து திறந்து மூடுகிறது. நான் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன். (தோட்டம் முழுக்கக் கேட்கிற என் குரல் டிரைவருக்கு மட்டும் கேட்கவில்லை.) அன்றைக்கு அடுத்த சந்தியிலும் யாரும் இறங்கவில்லை. பஸ் வளைவு வளைவாக மேலே ஏறி, பனி மூடின பக்கம் போய்விட்டது. ஓட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் விரட்டிக்கொண்டு போய்த்தான் அவளைக் கூட்டி வந்தார்.

"கூப்பிட்டேம்மா. சத்தந்தான் வரல" என்றாள், நனைந்த சீருடையோடு நின்றுகொண்டு.

இன்றைக்கு பஸ் நிற்கவில்லை, சரி. நாளைக்கு அந்த பஸ்ஸில் எவனாவது கையைப் பிடித்தாலும் இந்தப் பிள்ளை இப்படித்தானே வாயைத் திறந்து திறந்து மூடும் என்று ஒரு பயம் வந்தது. வந்த பயம் போகவே இல்லை. பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு வரிசையாக நின்று வாயைப் பிளந்து கத்துகிற கராத்தே படம் ஒன்று யாரோ எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன்.

"பெல் இல்லாததுக்குக் கராத்தேயா? கயிறு ஒண்ணு வாங்கி பஸ்ல கட்டிட்டா முடிஞ்சுதே" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு எல்லாத்துக்கும் வெளையாட்டுதான்" என்று அவர் வாயை அடைத்துவிட்டு வகுப்புத் தேடப் புறப்பட்டேன்.

முதலில் போனது இரத்தினபுரியில் ஒரு பெரிய இடம். சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால் கோப்பைகளும் பதக்கங்களும். மேசையில் இருந்த பெண், பிள்ளையின் பெயரைக் கேட்பதற்கு முன்பே தோளையும் இடுப்பையும் அளந்துவிட்டாள். அடுத்த வருசமே கறுப்பு பெல்ட் நிச்சயம் என்றாள். எனக்கு வாய் நிறையத் தண்ணீர் ஊறியது. இருந்தாலும் கொழுந்தைப் பார்க்காமல் கூடையில் போடுகிற பரம்பரையா நாங்கள்? அங்கே மண்ணிறப் பெல்ட் கட்டி நின்ற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "யாராவது ஒங்க கையப் புடிச்சா என்னா செய்வீங்க?" என்று கேட்டேன். பிள்ளை திரும்பி அம்மாவைப் பார்த்தது. அம்மா, "ஐயோ, அவரு ஒரே அடியில விழுத்திடுவாரு!" என்றார். 'என்ன மனுசி இது, பிள்ளையைப் பேச விட்டால் என்னவாம்' என்று எனக்கு ஒரே எரிச்சல். வெளியே வந்து டிலுக்ஷியிடம், "ஒனக்கும் இந்த எடம் புடிக்கலதானே? ஆமா, புடிக்கல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்தது பக்கத்துத் தோட்டத்தில் கோயில் வெளியில் நடந்த சிலம்ப வகுப்பு. கம்பு சுழல்கிற சத்தத்தைக் கேட்டதுமே எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்ம ஆட்டம், நம்ம பிள்ளை, இதைவிட என்ன வேண்டும் என்று அன்றைக்கே சேர்த்துவிட்டேன். மாஸ்டரும் தங்கமான மனிதர். தோட்டத்துக்கு யார் வந்தாலும் வரவேற்கிற பொறுப்பு அவர் தலையில் விழுந்ததுதான் வினை. ஒரு கிழமை ஒரு பிரமுகர் வருகிறார் என்று பிள்ளைகள் கம்புகளைத் தோரணமாகப் பிடித்து நின்று பழகினார்கள். மறுகிழமை இன்னொரு பிரமுகர். "இவரு வந்துட்டுப் போவட்டுங்க, அதுக்கப்புறம் அடிமுறை தொடங்கிடலாம்" என்பார் மாஸ்டர். டிலுக்ஷியின் கையில் பூத்தட்டைக் கொடுத்திருந்தார்கள். வாயைத் திறக்கத் தேவையில்லாத வேலை என்பதால் அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எப்ப பட்டம் குடுப்பாங்க? மாலை கட்டப் பழகினதும் குடுப்பாங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்ட அன்றைக்கு அதையும் நிறுத்தினேன்.

கடைசியில் போனது எங்கள் டவுனிலேயே, சனிக்கிழமைகளில் ஒரு பழைய பொது மண்டபத்தில் நடந்த வகுப்பு. தகரக் கூரை. சுவரெல்லாம் ஈரம் பூத்துக் கிடந்தது. பதக்கம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. படிப்பிக்கிறவர் நிலூகா என்ற சிங்களப் பெண். கராத்தே படிப்பிக்கிறவரை 'சென்செய்' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பேசினார். டிலுக்ஷிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்து, "நம மொகக்த?" என்று பெயர் கேட்டார்.

"டிலுக்ஷி, மிஸ்" என்றேன் நான்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பவும் அவளிடமே, "பேரு என்ன?" என்றார், தமிழில்.

"கொஞ்சம் வெக்கப்படுவா, மிஸ். சின்னதுல இருந்தே அப்பிடித்தான். டி-லுக்-ஷி" என்று இந்தத் தடவை உடைத்துச் சொன்னேன்.

அவர் அப்படியே குந்தியிருந்தார். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. எனக்கு நாக்கு நமநமத்தது. எதிரே ஒரு பிள்ளை பதில் இல்லாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேதனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் டிலுக்ஷி, எறும்புக்குக்கூடக் கேட்காத குரலில், "டிலுக்ஷி" என்றாள்.

"ஆ, இப்ப கேட்டிச்சு" என்று எழும்பினார் சென்செய்.

வீட்டுக்கு வந்து, "மிஸ் நல்லவங்கதான். காதுதான் கொஞ்சம் மந்தம் போல இருக்கு. நான் ரெண்டு வாட்டி சொல்லியும் கேக்கல" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீ சொன்னது கேக்கலன்னா அது ரொம்ப நல்ல காது. அங்கயே சேத்துடு" என்றார் அவர்.

அந்த வகுப்பில் பெற்றவர்களுக்கு ஒரே ஒரு விதிதான் இருந்தது. சுவரோரத்து வாங்கில் உட்கார வேண்டும், பேசக்கூடாது. (எனக்கென்றே எழுதின விதி என்று மற்றவர்கள் சொன்னார்கள்.) முதல் சில கிழமைகள் பிள்ளைகள் விழுந்து எழும்பத்தான் பழகினார்கள். பிறகு ஒருவர் கையைப் பிடிக்க, மற்றவர் ஒரு அடி பின்னால் வைத்து, "வேணாம்!" என்று சொல்லப் பழகினார்கள். 'அடிக்கிறது எப்போது?' என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கேட்டேவிட்டேன்.

"முதல்ல சத்தம்" என்றார் நிலூகா சென்செய். "அடுத்தது கால், ஓடுறதுக்கு. கை கடைசி."

டிலுக்ஷிக்குக் காலும் கையும் நன்றாகவே வந்தன. நிற்கிற நிலையைப் பார்த்தால் எனக்கே ஒரு அடி தள்ளி நிற்கத் தோன்றும். சத்தம் மட்டும் வரவில்லை. குத்தும்போது வயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்ப வேண்டும். மற்றப் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. டிலுக்ஷி வாயைத் திறப்பாள், மூடுவாள். பஸ் ஜன்னலில் பார்த்த அதே முகம்.

முதல் பெல்ட்டுக்கான பரீட்சை வந்தது. கொழும்பிலிருந்து பெரிய சென்செய் வந்து பார்ப்பாராம். "டிலுக்ஷிக்கு எல்லாம் சரி. சத்தம் இல்லாட்டி பெல்ட் இல்ல. அவவே கொண்டு வரணும். நீங்க வீட்டில பழக்க வேணாம்" என்று சென்செய் என்னிடம் தனியாகச் சொன்னார். கடைசி வசனம் மட்டும் என் காதில் ஏறவில்லை.

அன்று பின்னேரமே அவளை எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் தேயிலை மலை ஓரத்தில் நிறுத்தி, "இப்பிடிப் போடணும் சத்தம்" என்று நான் ஒன்று போட்டுக் காட்டினேன். பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா விளக்குமாற்றோடு ஓடி வந்தார்.

"பாம்பா? எங்கடி?"

"இல்லக்கா. கராத்தே."

"ஒனக்கா?"

"பிள்ளைக்கு."

"அப்ப நீ எதுக்குடி கத்துற?" என்று கேட்டுவிட்டு அக்கா போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் டிலுக்ஷியும் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் அப்பாவிடம் மட்டும், "இந்த வாட்டியும் சத்தம் வரலன்னா நான் இனி போகலப்பா" என்றாளாம். அவர் அதை என்னிடம் வந்து சொன்னார். இந்த வகுப்பும் போய்விட்டால் வேறு எங்கே போவது?

பரீட்சை நாள் வந்தது. எங்கள் ஊர் மழை எதற்காகவும் லீவு எடுப்பதில்லை. டிலுக்ஷியின் வெள்ளை உடுப்பை அடுப்புக்கு மேல் கட்டித்தான் காய வைத்தேன். கருவாட்டுக்குப் பக்கத்தில் தொங்கியதால் அது கிட்டத்தட்ட மஞ்சள் பெல்ட் நிறத்துக்கே வந்திருந்தது. நான் என் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல உப்புப் பொட்டலத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உப்பு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பீர்கள். அட்டைக்கு. எங்கள் பக்கத்து ஈரத்தில் அட்டை கடிக்காத கால் கிடையாது. உப்பு பட்டால்தான் அது பிடியை விடும். அதனால் ஒவ்வொரு பெண்ணின் பையிலும் துணியில் முடிந்த உப்பு இருக்கும். இதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒருவர் மேல் அட்டையைக் கண்டால் "அக்கா, ஒங்க மேல அட்டை" என்று பேசி நேரத்தைப் போக்க மாட்டோம். முதலில் உப்பு, அதற்குப் பிறகுதான் பேச்சு. பிள்ளைக் காம்பராவில் எனக்கிருந்த மிகப் பெரிய பயமும் இதுதான். குழந்தையின் மூக்குக்குள்ளோ காதுக்குள்ளோ ஒன்று புகுந்துவிட்டால் என்ன செய்வது? ஆகவே அட்டை விசயத்தில் மட்டும் என் வாயைவிடக் கை முந்திக்கொள்ளும்.

பெரிய சென்செய் வந்து இறங்கினார். வயதான மனிதர். பளபளவென்ற மொட்டைத் தலை, பால் மாதிரி வெள்ளை உடுப்பு. மண்டபத்துக்கு மரியாதை என்று வாகனத்திலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பளவு புதருக்கு நடுவே ஈரப் புல்லில் வெறுங்காலோடு நடந்து வந்தார். வாங்கில் இருந்த றக்வான ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு பெரிய மனிதரிடம் யார் போய்ச் சொல்வது?

பரீட்சைக்கு முன்னால் எல்லோரும் மண்டியிட்டு, கண்ணை மூடி, மௌனமாக இருக்க வேண்டும். பிள்ளைகள் மூடினார்கள். நிலூகா சென்செய் மூடினார். வாங்கில் இருந்தவர்களும் பக்தியோடு மூடினார்கள். நான் மட்டும் மூடவில்லை. டிலுக்ஷி ஒழுங்காக மூடியிருக்கிறாளா என்று பார்க்க வேண்டாமா?

அப்போதுதான் கண்டேன். பெரிய சென்செய்யின் வெள்ளைக் கழுத்துப்பட்டியில் ஒரு கறுப்பு நூல். அந்த நூல் தலையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. வளைந்து நிமிர்ந்து கழுத்தில் ஏறியது. பிறகு காதை நோக்கித் திரும்பியது.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசித்த ஞாபகம் இல்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்து, நுனிக்காலில் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். ஒரு சிட்டிகை போதும். ஆனால் மழை ஈரத்தில் உப்புக் கட்டிப்பட்டு வெளியே வரமாட்டேன் என்றது. உதறினேன். வரவில்லை. பலமாக ஒரு உதறு உதறினேன். பொட்டலம் அவிழ்ந்து மொத்த உப்பும் அந்த மொட்டைத் தலையில் கொட்டியது. அதே நொடியில், கண்ணைத் திறக்காமலே, அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடுத்ததாக நான் பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். வலி ஒன்றும் இல்லை. நாங்கள் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவோமே, அந்த மாதிரிப் பக்குவமாக என்னை இறக்கி வைத்திருந்தார்.

பிள்ளைகள் கண்ணைத் திறந்தார்கள். பெரிய சென்செய்யின் தலையிலும் புருவத்திலும் உப்பு. காலடியில் கல்யாணச் சேலையோடு நான். இதுவும் பரீட்சையில் ஒரு பாடம் என்று நினைத்து ஒரு பிள்ளை கை தட்ட, எல்லாப் பிள்ளைகளும் கை தட்டின. வாங்கில் இருந்தவர்கள் எழும்பி நின்றுவிட்டார்கள்.

இந்த இடத்தில் மானமுள்ள எந்தப் பெண்ணும் எழும்பிப் போயிருப்பாள். நான் பேச ஆரம்பித்தேன்.

"அட்டை, சேர்! காதுக்குள்ள போகப் பார்த்திச்சு!" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதையே சிங்களத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலோடு நிறுத்தியிருக்கலாம். இவ்வளவு பெரிய மனிதர் கைக்கெட்டுகிற தூரத்தில், நான் சொல்வதைக் கேட்கிறார். இப்படி ஒரு சந்தர்ப்பம் இனிக் கிடைக்குமா என்று என் புத்தி வேலை செய்தது. சிங்களத்திலேயே தொடர்ந்தேன். "நான் டிலுக்ஷியோட அம்மா, சேர். அந்தா, மூணாவது வரிசை. எல்லாம் நல்லா செய்வா. சத்தந்தான் வராது. நீங்க கொஞ்சம் பார்த்து... இல்ல, சத்தம் கட்டாயம் வேணும்னா அவளுக்குப் பதிலா நானே ஒண்ணு போட்டுக் காட்டுறேன், சேர்—"

"அம்மா!"

மண்டபம் அதிர்ந்தது. யார் அது என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், கால்களை அகட்டி, இரண்டு கைமுட்டியையும் இடுப்பில் வைத்து, முகமெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட, என் மகள்.

"போய் உக்காருங்க!"

எழும்பி நின்ற பெற்றவர்கள் எல்லோரும் தொப்பென்று வாங்கில் உட்கார்ந்தார்கள். என்னைத் தூக்கி விட ஓடி வந்த நிலூகா சென்செய், வந்த இடத்திலேயே உட்கார்ந்தார். தமிழ் தெரியாத பெரிய சென்செய்கூட முதுகை நிமிர்த்தி நேராக இருந்தார். நான் எழும்பி, வாங்குக்குப் போய், உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேச்சுக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்தேன்.

வெட்கத்தில் காது இரண்டும் கொதித்தன. அதற்கும் அடியில் வேறு ஒன்று என்னைப் போட்டு உலுக்கியது. அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதே இல்லை. ஒன்பது வருசமாக என் கூடவே இருந்த பிள்ளைக்குள் அவ்வளவு பெரிய குரல் இருந்திருக்கிறது. அது வெளியே வருவதற்கு நான் கொஞ்சம்கூட இடம் விட்டதில்லை. சந்தோசத்தில் அழுகிறேனா துக்கத்தில் அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் என் வாய் அடைபட்டது நல்லதுதான்.

பெரிய சென்செய் பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டார். நிலூகா சென்செய் சிரிப்பை அடக்கிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். "இந்தப் பிள்ளைக்கா சத்தம் வராது?" என்று அவர் கேட்டதும் மண்டபமே சிரித்தது. பிறகு அவர் டிலுக்ஷியிடமே, "இதே சத்தம் திரும்ப வருமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். டிலுக்ஷி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடினேன்.

"எனவா, சென்செய்" என்றாள், வரும் என்று.

வந்தது. ஒவ்வொரு குத்துக்கும் வந்தது. புறாக்கள் பறந்தன. பரீட்சை முழுக்கப் பெரிய சென்செய்யின் காதோரத்தில் மெல்லியதாக ரத்தம் வடிந்துகொண்டே இருந்தது. அட்டை உப்பில் விழுவதற்கு முன்பு தன் வேலையை முடித்திருக்கிறது. யாரும் அவரிடம் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் முடிந்து அவர் என்னிடம் வந்து, "நோனா, உப்பு நல்லது. அடுத்த முறை முதல்ல சொல்லுங்க" என்றார் சிங்களத்தில், சிரித்துக்கொண்டே. அவருக்குக் கும்பிடு போடக் குனிந்தபோதுதான் என் கணுக்காலில் கொழுத்துப் போய்த் தொங்கிய இன்னொரு அட்டையைக் கண்டேன். அதற்குப் போட என்னிடம் ஒரு கல் உப்புகூட மிச்சம் இல்லை.

வெளியே ஓட்டோவில் காத்திருந்த வீட்டுக்காரர், "என்னா ஆச்சு?" என்றார்.

"அதாவது—" என்று ஆரம்பித்தேன்.

"நான் சொல்றேன்" என்றாள் டிலுக்ஷி. சொன்னாள். என் குரல், பெரிய சென்செய்யின் முகம், உப்பு விழுந்த விதம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். இவ்வளவு நன்றாகக் கதை சொல்வாள் என்று யாருக்குத் தெரியும்? அவள் அப்பா சிரிப்புத் தாங்காமல் வளைவில் ஓட்டோவை ஓரம் கட்டிவிட்டார். சிரித்து முடிந்ததும் அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, கோவமா? ஒங்களப் போயி கத்திட்டேன்."

"கோவம் இல்லடா" என்றேன். "பஸ்ஸுக்கும் அதே மாதிரி கத்து. அது போதும் எனக்கு."

திங்கட்கிழமை சந்தியில் போய் நின்றேன். பஸ் வளைவைத் தாண்டி வருவதற்கு முன்பே, "பஹினவா!" என்ற சத்தம் வந்துவிட்டது. டிரைவர் போட்ட பிரேக்கில் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். "தங்கச்சிக்குள்ள பஸ் ஹோன் பூட்டியிருக்கா?" என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டான். அவள் அவனுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

இப்போது தோட்டத்தில் பிள்ளைகளைக் கராத்தேயில் சேர்க்க நினைக்கிறவர்கள் என்னிடம்தான் கேட்கிறார்கள். பதக்கத்தை எண்ணாதீர்கள், படிப்பிக்கிறவர் பிள்ளையின் பெயரை யாரிடம் கேட்கிறார் என்று பாருங்கள் என்பேன். (இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த எனக்கு இன்னும் வரவில்லை. ஒரு மணித்தியாலம் பேசுவேன்.) அந்த மண்டபத்து வாசலில் இன்று ஒரு டப்பாவில் உப்பு இருக்கிறது. பிள்ளைகள் அதற்கு என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அந்த இரண்டு வார்த்தைகளும் நிலைத்துவிட்டன. கல்யாண வீட்டில் யாரோ கேட்டதற்கு நான் முந்திக்கொண்டு பதில் சொன்னால், ஆஸ்பத்திரியில் டாக்டர் வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு நான் நெஞ்சு வலியை விவரித்தால், அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் கைமுட்டியை இடுப்பில் வைப்பார்கள். "போய் உக்காருங்க!" போன தீபாவளிக்கு வீட்டுக்காரர் சமையலறைத் துணி ஒன்றைத் துவைத்து மடித்து, சொந்தக்காரர்கள் முன்னிலையில் என் இடுப்பில் பெல்ட்டாகக் கட்டிவிட்டார். டிலுக்ஷி இப்போது பச்சை பெல்ட். சும்மா உட்காருகிற கலையில் நான் இன்னும் வெள்ளை பெல்ட்தான்.